கடந்த இரண்டு வாரங்களில்

வாழ்க்கைத் தர வினாப்படிவம். பதினாறு கேள்விகள்.
கடந்த இரண்டு வாரங்களில் உங்கள் வேலை எப்படி?
மிக மோசம், மோசம், பரவாயில்லை, நன்று, மிக நன்று.
ஒன்றை வட்டமிடவும்.

கிளைபெடா துறைமுகத்தில்
நாற்பது மீட்டர் உயரத்துக் கிரேனில்
பதினோரு வருஷம் உட்கார்ந்தவள் நான்.
கண்ணாடித் தரைக்குக் கீழே கப்பல்கள்,
இரண்டு முழங்காலுக்கும் நடுவே கடல்.
போன நவம்பரில் ஒரு காலை
ஏணியின் முதல் படியில் வலது காலை வைத்தேன்.
இடது கால் வரவில்லை.
வலியில்லை, பயமில்லை.
வரவில்லை, அவ்வளவுதான்.

மாத்திரை வெள்ளை, நீள்வட்டம், நடுவில் ஒரு கோடு.
பாதியாக உடைத்து ஒரு வாரம், பிறகு முழுசாக.
கொட்டாவி. குமட்டல்.
சுண்ணாம்பு பூசினாற்போல் நாக்கு.
"மேலே ஏறக் கூடாது" என்று கம்பெனி டாக்டர் எழுதிவிட்டார்.
தரையில் நின்று கன்டெய்னர்களின் முத்திரை எண்களைச் சரிபார்த்தேன்.
இத்தனை வருஷம் நான் தூக்கியவை
எவ்வளவு பெரியவை என்று
அப்போதுதான் தெரிந்தது.

தூக்கம்: நன்று.
(ஒன்பது மணி நேரம். ஒரு கனவும் இல்லாமல்.
அதைத் தூக்கம் என்பதா,
விளக்கணைத்த கிடங்கு என்பதா?)

பசி: மிக நன்று. மூன்று மாதத்தில் ஏழு கிலோ.
சீருடைப் பொத்தானை நகர்த்தித் தைத்தேன்.
அதற்காக எழுந்துபோய் ஊசி தேடினேன் என்பதை
எந்தக் கட்டத்தில் எழுத?

தாம்பத்திய உறவு:
இங்கே பேனா நின்றது.
வெளியே காரில் கெஸ்துதிஸ்
கூடைப்பந்து வர்ணனை கேட்டுக்கொண்டிருக்கிறான்.
நல்லவன். எதையும் கேட்க மாட்டான்.
அவன் கை முதுகில் படும்போது
தடித்த கோட்டின் மேல் மழை பெய்கிற மாதிரி.
பெய்வது தெரிகிறது.
நனையவில்லை.

அழுகை வருகிறதா?
ஒருபோதும் இல்லை என்றால் முழு மதிப்பெண்.
பிப்ரவரியில் தாங்குவோலேயைப் புதைத்தோம்,
ஒன்பது வருஷம் என்னோடு ஷிப்ட் பார்த்தவள்.
எல்லோரும் அழுதார்கள். நான் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பெட்டி இடப்பக்கம் ஒரு சாண் தாழ்ந்து இறங்குகிறதே,
சொல்லலாமா என்று யோசித்தேன்.
முழு மதிப்பெண்.

டாக்டர் ஸ்கைஸ்தே கூட்டிப் பார்த்தாள்.
முப்பத்தொன்று, இப்போது ஐம்பத்தாறு.
"நல்ல முன்னேற்றம்" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு
பேனாவை மூடி வைத்தாள்.
"அப்படி இல்லையா?"

நன்றி கெட்டவள் இல்லை நான்.
நவம்பரில், கீழே நின்றபடியே,
கிரேனிலிருந்து தண்ணீர்வரை எத்தனை நொடி என்று
மனசுக்குள் கணக்குப் போட்டவள்.
இப்போது போடுவதில்லை.
அந்த ஒன்றை ஒரு தட்டில் வையுங்கள்,
வறண்ட நாக்கு, ஏழு கிலோ, நனையாத முதுகு
எல்லாவற்றையும் மறு தட்டில் ஏற்றுங்கள்.
முள் எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குத் தெரியும்.
ஆனாலும் முதுகு என்னுடையது, டாக்டர்.

இதையெல்லாம் சொல்லவில்லை.
"கயிறு" என்று மட்டும் சொன்னேன்.
எப்படியோ அவளுக்குப் புரிந்தது.
இதை மெல்லக் குறைத்து வேறொன்று பார்க்கலாம்,
நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்,
ஐந்தாறு வாரம் ஆகும் என்றாள்.

மே மாதம். அதே படிவம், அதே பதினாறு.
இன்னும் தரையில்தான் வேலை.
தூக்கம் கொஞ்சம் மோசம்; அதிகாலையில் ஒரு கனவு வருகிறது,
பாதியில் போய்விடுகிறது.
கூட்டுத்தொகை ஐம்பத்து மூன்று.
மூன்று குறைவு. ஸ்கைஸ்தே புருவத்தைத் தூக்கினாள்.

வியாழக்கிழமை கெஸ்துதிஸ் பீட்ரூட் சூப் செய்தான்.
குளிரவைத்து, முட்டை நறுக்கிப் போட்டு.
உப்பு இல்லை.
உப்பு இல்லை என்று கத்தினேன்.
எங்கிருந்து வந்தது அத்தனை பெரிய குரல்!
இருபது வருஷமாக நீ உப்புப் போட்டதே இல்லை என்றேன்,
உன் அம்மாவும் போட்டதில்லை என்றேன்.
கரண்டியோடு நின்றான்.
ஏழு மாதம் என்னைக்
கண்ணாடிச் சாமான் மாதிரி சுற்றி நடந்தவன்
கரண்டியை மேஜையில் அடித்துத்
திருப்பிக் கத்தினான்.
பக்கத்து வீட்டிலிருந்து சுவரைத் தட்டினார்கள்.
நாங்கள் நிறுத்தவில்லை.

அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்:
வியாழன். உப்பு.